ஒன்பதரை இலட்சத்து ஜாஸ் பேஸா, ஜப்பான் கடை யமஹாவா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சேட்டைக்கூடக் கழற்றவில்லை, கல்முனையில் இருக்கும் மருமகன் வட்ஸ்அப்பில் நாலு படங்கள் அனுப்பியிருந்தான். மூன்று படங்களில் ஒரு பேஸ் கிற்றார் பூப்போட்ட மெத்தை விரிப்பின் மேல் கிடந்தது. நாலாவது விளம்பரத்தின் படம்: "1972 ஃபென்டர் ஜாஸ் பேஸ். ஒரிஜினல். ஒரே உரிமையாளர். கிடைப்பதற்கு அரிது. 950,000 ரூபா. வீண் கதை வேண்டாம்." அதற்குக் கீழே மருமகனின் ஒரே வரி: "மாமா, எடுப்பமா?"

அந்த "எடுப்பமா" என்ற பன்மையில் என் பங்கு ஏறத்தாழ நாலரை இலட்சம் என்பது எனக்கு உடனேயே விளங்கிவிட்டது.

அவன் ஞாயிறுகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறான். வைகாசிச் சடங்கு தொடங்கினால் ஆடி அமாவாசை வரை ஓர் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போகிறான். கையில் இருப்பது ஒரு மலிவான சீன நகல். ஜி தந்தியின் முறுக்காணி வழுக்கும். மூன்று பாட்டுக்கு ஒருமுறை சுருதி இறங்கும். அவனுக்கு நல்ல பேஸ் தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எது என்பதுதான் கேள்வி. அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்த வழிகள் நாலு. விளம்பரத்தில் வந்த, அமெரிக்கக் கம்பனியான ஃபென்டரின் இந்தப் பழைய ஜாஸ் பேஸ் ஒன்று. சாய்ந்தமருதில் பாவித்த ஜப்பான் சாமான் விற்கும் கடையொன்றில் தொங்கும் யமஹா இன்னொன்று. விலை ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம். கொழும்புக் கடையில் புதிதாக ஒன்று எடுப்பது மூன்றாவது. ரொறன்ரோவில் இருக்கும் அவனுடைய சித்தப்பாவைக் கொண்டு அங்கே பழையது ஒன்று வாங்குவிப்பது நாலாவது.

முதலில் அந்த ஃபென்டர். மற்ற மூன்றையும் எடைபோட அதுவே படியாகிவிட்டது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தந்திகள் நெக்கை, அதாவது நீண்ட கழுத்துப் பகுதியை, விட்டுத் தலைப்பகுதிக்கு ஏறும் இடத்தில், மரத்துக்குள் இருந்து வெள்ளி நிறத்தில் ஒரு சிறு குமிழ் எட்டிப் பார்த்தது. துவக்கு ரவையின் முனை மாதிரி. வாசிப்பவர்கள் அதை 'புல்லட்' என்றே சொல்வார்கள். நெக்கின் வயிற்றுக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, ட்ரஸ் ரொட். தந்திகளின் இழுவையில் நெக் வில்லாக வளைந்துவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். அதை முறுக்கும் சுரையின் (நட்) தலைதான் இந்தக் குமிழ். சிக்கல் என்னவென்றால், 1972ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் இந்தச் சுரை மேலே இருக்காது. நெக்கின் மறுமுனையில், உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். குமிழ் மேலே வந்தது 1974, 75 வாக்கில்.

"மருமோன், இது எழுபத்திரண்டு இல்ல" என்று எழுதினேன்.

"அப்ப போலியா மாமா?"

அதை அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட முடியாது. ஆண்டு பிழை என்பது வேறு, பொருள் பொய் என்பது வேறு. விற்பவரிடம் மூன்று படங்கள் கேட்கச் சொன்னேன். பின்பக்கத்தில் நெக்கும் உடலும் சேரும் இடம் ஒன்று. தலைப்பகுதி வெளிச்சத்தில் ஒன்று. அன்றைய வீரகேசரியைப் பக்கத்தில் வைத்து முழுப் பேஸும் ஒன்று. கடைசிப் படம் சிலருக்குக் கோபம் வரவைக்கும். ஆனால் வேறொரு நாட்டு விளம்பரத்தின் படத்தை எடுத்துப் போட்டு, "இன்னொரு ஆளும் கேக்கிறார், முற்பணத்தைப் போடுங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இன்றைய பத்திரிகையோடு படம் எடுக்கப் பேஸ் இருக்காது. கோபப்பட்டு நிற்கிறவரை அப்படியே விட்டுவிடலாம், நேரம் மிச்சம்.

இவர் கோபப்படவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் படங்கள் வந்தன. பத்திரிகை சிங்களத்தில் இருந்தது, திகதி சரி.

பின்பக்கத்தில் நெக்கைப் பிடித்திருந்தவை மூன்று ஆணிகள். நாலு அல்ல. தகட்டில் பெரிய 'எஃப்' எழுத்து இருந்தது, இலக்கம் இல்லை. தலைப்பகுதியில் எழுத்து ஒட்டியின் கீழே 'எஸ் 8' என்று தொடங்கும் தொடரிலக்கம். இவை மூன்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஃபென்டரில் 1976 வரைக்கும் தொடரிலக்கம் பின்தகட்டில் அடிக்கப்பட்டது; அந்த ஆண்டின் பிற்பகுதியில் அது தலைப்பகுதிக்கு மாறியது, எழுபதுகளுக்கு 'எஸ்' என்ற எழுத்தோடு. அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். 'எஸ் 8' என்றால் 1978ஐ ஒட்டிய ஆண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒட்டிகளை அவர்கள் நாள் பார்த்து ஒட்டவில்லை. ஆக எங்கள் முன்னால் இருந்தது 1972 அல்ல, 1978ஐ ஒட்டிய பேஸ்.

ஆறு வருடம்தானே என்று தோன்றும். பழைய பேஸ் சேகரிப்பவர்களுக்கு அது ஆறு வருடம் அல்ல. ஜாஸ் பேஸ் பிறந்தது 1960இல். 1965 ஜனவரியில் ஃபென்டர் கம்பனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. அந்தக் கோட்டுக்கு முந்தியது பொன் விலை. பிந்தியது ஆண்டுக்கு ஆண்டு இறக்கம். மூன்று ஆணிக் காலம் வந்ததும் இன்னொரு படி இறக்கம். அவர்கள் சொல்லும் குறை முழுக்கக் கற்பனையும் அல்ல: நெக் உட்காரும் குழியை இறுக்கமாக வெட்டாமல் மூன்று ஆணியால் பிடித்தால் நெக் பக்கவாட்டில் நகரும். நகர்ந்ததா என்று படத்திலேயே பார்க்கலாம். நெக்கின் இரண்டு ஓரங்களிலும், குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் (ஃப்ரெட்) கடைசியானதுக்குப் பக்கத்தில், வெளித் தந்திக்கும் மர விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தை ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் தந்தி விளிம்பிலிருந்து விழப் பார்க்கிறது, மறு பக்கம் விரலகலம் மிச்சம் என்றால் நெக் சாய்ந்துவிட்டது. இவருடைய பேஸில் இரு பக்கமும் சமமாகவே இருந்தது. அந்தக் காலத்துக் குழிகளிலும் நல்லது உண்டு.

இந்த இடத்தில் எனக்குக் காரைதீவு நினைவுக்கு வந்தது. கண்ணால் யாரும் காணாத யாழைப் பழம்பாட்டுகளையும் கணக்கையும் வைத்தே மீட்டெடுத்து, 1947இல் யாழ் நூலாகத் தந்த விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் மருமகன் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அவருக்கு வட்ஸ்அப் படம்கூட இருக்கவில்லை. நாங்கள் நாலு படத்தை வைத்துக்கொண்டு ஒரு குமிழையும் மூன்று ஆணியையும் எண்ணுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஆனால் படம் சொல்லாத விசயம் நிறைய. அதை நான் காசு கொடுத்துப் படித்தவன். பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு விளம்பரம், ஜப்பான் பேஸ், படத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கியது. பணத்தை வங்கியில் போட்டேன். பேஸ் கொழும்பு பஸ்ஸின் பெட்டிக்குள் படுத்து வந்து சேர்ந்தது. நெக் லேசாக வளைந்திருந்தது. அது பெரிய பிரச்சினை இல்லை என்று ட்ரஸ் ரொட்டின் சுரையை முறுக்கப் போனால் சுரை சும்மா சுற்றியது. மரை எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. விற்றவரின் தொலைபேசி அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை. அந்த பேஸ் இன்றும் என் அறைச் சுவரில் தொங்குகிறது, வாசிப்பதற்கு அல்ல.

ஆகவே நேரில் போனோம். கல்முனைக்கு ரயில் பாதை இல்லை. மருமகன் பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்தான். இரவு ரயிலில் கொழும்புக் கோட்டை, அங்கிருந்து பஸ்ஸில் நீர்கொழும்பு. என் பையில் ஒரு மல்ரிமீற்றர், திருகாணிச் சாவிகள், டோர்ச், சுருதி பார்க்கும் சின்ன டியூனர், வீட்டில் மீன் நிறுக்கும் கொழுக்கித் தராசு. மருமகன் அந்தத் தராசைப் பார்த்துச் சிரித்தான்.

விற்பவர் ஐம்பது வயதுக்காரர், மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். பாதி சிங்களம் பாதி தமிழில் கதைத்தார். பேஸ் அவருடைய தகப்பனுடையது. கடற்கரை ஹோட்டல்களில் பைலா வாசித்த பேண்ட் ஒன்றில் இருந்தவராம். "எழுபத்திரண்டில கலியாணம் முடிச்சார், அப்பதான் இதையும் எடுத்தார் எண்டு சொல்லுவார்" என்றார் மகன். தகப்பனின் நினைவில் கலியாணமும் பேஸும் ஒரே ஆண்டில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அவரை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். என் கலியாணத் திகதியையே நான் பிழையாகச் சொல்லி வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

தராசில் தூக்கினோம். நாலு கிலோ எண்ணூறு. எழுபதுகளின் பிற்பகுதியில் ஃபென்டர் பாரமான ஆஷ் மரத்தைத் தடித்த பொலியெஸ்டர் பூச்சுக்குள் மூடி வைத்தது. இந்த எடை ஆச்சரியம் இல்லை. கோயில் மேடையில் இரவு ஒன்பதுக்குத் தோளில் ஏற்றினால் இரண்டு மணி வரை இறக்க முடியாது. நிறுக்கும்போது சிரித்த மருமகன், தோளில் மாட்டிப் பத்து நிமிடம் கழிந்ததும் வாரை இடம் மாற்றி மாற்றிப் போட்டான்.

பிறகு அனுமதி கேட்டு, குமிழ்கள் பூட்டியிருக்கும் உலோகத் தகட்டின் ஆணிகளைக் கழற்றினேன். இங்கேதான் பழைய பேஸ் வாய் திறந்து பேசும். ஒலி கூட்டிக் குறைக்கும் பொட் ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் இலக்கம் அடித்திருக்கும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பனி செய்தது. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். டோர்ச் அடித்துத் துணியால் துடைத்தேன்: 137 78 14. 1978ஆம் ஆண்டின் பதினாலாவது வாரம். மூன்று பொட்டுகளிலும் அதே ஆண்டு. பேஸ் இந்தத் திகதிக்கு முன் பிறந்திருக்க முடியாது. பின்னால் எவ்வளவு மாதமானாலும் இருக்கலாம், ஏனென்றால் தொழிற்சாலையில் பொட்டுகள் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கப்பட்டவை. முக்கியமானது இன்னொன்று: ஈயப் பற்று ஒவ்வொன்றும் மங்கிய சாம்பல் நிறத்தில், ஒரே கையால் ஒரே நாளில் வைத்த மாதிரி இருந்தது. பளபளக்கும் புது ஈயம் எங்கும் இல்லை. யாரும் உள்ளே கை வைக்கவில்லை. ஒட்டியைத் தலைப்பகுதியில் ஒட்டிப் போலி செய்வது ஒரு மணித்தியால வேலை. நாற்பது வருடத்து ஈயத்தைப் போலி செய்வது அவ்வளவு லேசு அல்ல.

"மெய்யான ஃபென்டர்தான்" என்று மருமகனின் காதில் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

ஏனென்றால் அடுத்து மீற்றர். கேபிளைச் செருகி, மறு முனையின் நுனிக்கும் உடலுக்கும் மீற்றரின் இரு கைகளையும் வைத்தேன். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வொலியூம். முன் பிக்கப்பை முழுதாகத் திறந்து பின்னதை மூடினால் மின்தடை ஏழு கிலோ ஓமுக்குக் கிட்டக் காட்டியது. ஆரோக்கியமான எண். இப்போது மாற்றினேன்: முன்னதை மூடி, பின்னதைத் திறந்தேன். மீற்றர் நூற்றிருபதைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டு பொட்டுகளின் 250 கிலோ ஓமும் பக்கவாட்டில் சேர்ந்த கணக்கு அது. பிக்கப்பின் சுருள் அந்தக் கணக்கிலேயே இல்லை. உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. பிக்கப்பில் சுற்றியிருப்பது தலைமயிரிலும் மெல்லிய செம்புக் கம்பி. நாற்பது வருடக் கடற்காற்று ஒரு புள்ளியில் பச்சை பிடிக்க வைத்தால் போதும்.

விற்பவருக்கு அது தெரியாது. இரண்டு குமிழையும் திறந்து வைத்து வாசித்தால் ஒன்றின் சத்தம் வரும். இரண்டும் வேலை செய்கிறது என்றே எவரும் நினைப்பார்கள். அவரைக் கூப்பிட்டு, பின் பிக்கப்பை மட்டும் திறந்து தந்தியைத் தட்டிக் காட்டினேன். அம்ப்பில் இரைச்சல் மட்டும். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அறுந்த சுருளைத் திரும்பச் சுற்றலாம். அதற்கென்றே இயந்திரமும் கையும் உள்ளவர்கள் வேண்டும். எங்கள் ஊரில் ஃபேன் மோட்டர் சுற்றுகிற கைகாரர் உண்டு. நல்ல மனுசன், ஆனால் அந்தக் கம்பியைக் கையில் கொடுத்தால் எங்கே இருக்கிறது என்று தேடுவார். சுற்றி முடித்தாலும் "எல்லாம் ஒரிஜினல்" என்ற சொல் அன்றோடு போய்விடும். சேகரிப்பவர் விலை கொடுப்பது அந்தச் சொல்லுக்குத்தான். ஃப்ரெட்டுகளும் முதல் ஐந்து கட்டங்களில் தேய்ந்து தட்டையாகியிருந்தன. இதன் விரற்பலகை மேப்பிள். அதன்மேல் பூச்சு உண்டு. ஃப்ரெட் மாற்றுவதென்றால் பூச்சையும் உடைத்துத் திரும்பப் பூச வேண்டும். தோதகத்தி (ரோஸ்வுட்) விரற்பலகையில் இந்தத் தொல்லை இல்லை. நெக் மட்டும் நேராக இருந்தது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து நடுவில் பார்த்தால், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி. சுரையும் முறுக்கினால் பிடித்தது. அதைச் சோதிக்கும்போது, பழைய காயத்தால், என் கை கொஞ்சம் நடுங்கியது.

சரி, கணக்கு. திருவிழா இரவு ஒன்றுக்கு மருமகனுக்குக் கிடைப்பது பத்தாயிரம். ஒன்பதரை இலட்சம் என்றால் தொண்ணூற்றைந்து இரவுகள். அதற்கு மேல் பிக்கப்பும் ஃப்ரெட்டும். சேகரிப்பவருக்கு அது இன்னொருவரிடம் விற்கும்போது திரும்பி வரும் பணம். எங்களுக்கு? கல்முனையிலோ மட்டக்களப்பிலோ 1978 என்ற எண்ணுக்காகக் காசு கொடுக்கும் ஓர் ஆளை எனக்குத் தெரியாது. விற்கவும் திரும்பக் கொழும்புக்குத்தான் போக வேண்டும், அதுவும் புகையும் பனியும் மேடை வியர்வையும் பட்ட பிறகு. இந்த பேஸின் விலையில் பெரும்பகுதி அதன் வயதுக்கு. மருமகன் அந்த வயதை வாசிக்க முடியாது.

ஐந்தரை என்றால் எடுக்கிறோம் என்று கேட்டேன். "அப்பாட பேஸ் அந்த விலைக்குப் போகாது ஐயா" என்றார். கோபமாக அல்ல. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். தேநீர் தந்து அனுப்பினார். விளம்பரத்தில் ஆண்டை மாற்றப் போவதாகச் சொன்னார், மாற்றியும் இருக்கிறார்.

திரும்பும் ரயிலில் மருமகன் ரொறன்ரோக் கதையைத் தொடங்கினான். அங்கே பழைய பேஸ்கள் தாராளம், சித்தப்பா கடைக்குப் போய்ப் பார்த்தே வாங்கலாம், லீவில் வரும்போது கொண்டு வருவார். கேட்க இனிமையான வழி. மூன்று இடங்களில் இடறும். சித்தப்பா பேஸ் வாசிப்பவர் அல்ல. அவர் கடைக்குப் போவதும் நாங்கள் படம் பார்ப்பதும் ஒன்றே. மீற்றரை எங்கே வைப்பது என்று தொலைபேசியில் சொல்லிக் கொடுப்பதற்குள் கடை பூட்டிவிடும். சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்பதை வாங்குவதற்கு முன்னமே அவர்களிடமே விசாரிக்க வேண்டும், வந்திறங்கிய பிறகு அல்ல. மூன்றாவது மரம். அறுபதுகளின் நடுப்பகுதிக்கு முந்திய ஃபென்டரில் விரற்பலகை பிரேசில் தோதகத்தியாக இருக்கலாம். அது 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில். பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பிந்திய பேஸ்களில் பெரும்பாலும் இந்தியத் தோதகத்தி. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இன் கடைசியில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். எழுபதுகளின் பேஸ் என்றால் அந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆனாலும் கனடாவின் குளிர்கால வீட்டுச் சூடாக்கியில் காய்ந்து கிடந்த மரத்தை, மார்கழி மழையில் நனையும் கல்முனைக்குக் கொண்டுவந்தால் நெக் தன் பாட்டுக்கு ஒரு முறை அசையத்தான் செய்யும். பெட்டியைத் திறக்காமல் ஒருநாள் வைத்து, பிறகு ஒரு வாரம் விட்டு ட்ரஸ் ரொட்டைச் சரிசெய்தால் அடங்கும். சித்தப்பா அடுத்த லீவில் வருவது எப்போது என்று கேட்டேன். "ரெண்டு வருசம் ஆகும் மாமா." அதோடு அந்தக் கதை முடிந்தது.

புதியது பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. ஃபென்டரின் மலிவு வகையான ஸ்கொயர், யமஹா இரண்டிலும் மேடைக்குப் போதுமானவை உண்டு, உத்தரவாதமும் உண்டு. எந்த மர்மமும் இல்லை, எந்தக் கவர்ச்சியும் இல்லை. இவன் அளவு காசுக்கு வரும் புதுப் பேஸின் குறை பொதுவாக முறுக்காணிகளிலும் பொட்டுகளிலும்தான், நெக் நன்றாகவே இருக்கும். வேறொருவர் இதே கேள்வியோடு வந்தால், அவருக்கு மீற்றர் பிடிக்கத் தெரியாது, பழையதைத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை என்றால், கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

ஆக சாய்ந்தமருது யமஹா. நீர்கொழும்புக்குப் போக முதலே ஒருமுறை பார்த்திருந்தேன். சைக்கிள்கள், தையல் இயந்திரங்கள், குழந்தைத் தள்ளுவண்டிகள் நடுவே கயிற்றில் தொங்குகிறது, ஒரு தந்தி இல்லாமல். யமஹாவின் பிபி வரிசை. 1977இல் தொடங்கிய வரிசை அது, இன்றும் செய்கிறார்கள். தலைப்பகுதியின் பின்னால் 'மேட் இன் ஜப்பான்' என்று இருக்கிறது. அதைப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் அதே வரிசையில் தைவானில் செய்தவையும் உண்டு. மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதே விலை கொடுக்கமாட்டேன். எழுத்தின் வடிவத்தையும் உலோகச் சாமானையும் வைத்து எண்பதுகளில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஃபென்டரின் பிரிசிஷன் பேஸில் 1957 முதல் இருக்கிற மாதிரி, இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப். பின்னால் பிக்கப் இல்லை, ஆகவே அறுந்துபோகவும் ஒன்று குறைவு. நெக் நாலு ஆணியில் பூட்டியது. பிபியின் உயர்ந்த மாதிரிகளில் நெக் உடலுக்குள்ளாகவே ஓடும். சத்தம் அருமை, ஆனால் நெக் கெட்டால் முழு பேஸும் போச்சு. எங்கள் காலநிலைக்கு ஆணி போட்ட நெக்தான் எனக்குச் சமாதானம்.

இதே பேஸ் பளபளவென்று கொழும்பில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தால் விலை வேறு. கடைக்காரருக்கு அது ஒரு 'கிற்றார்'. பக்கத்தில் இருக்கும் தையல் இயந்திரத்துக்கு இன்னும் கூட விலை சொல்கிறார். அவரிடம் 1972 என்ற கதை எதுவும் இல்லை. கதை இல்லாததால் மிச்சமாகும் ஏழே முக்கால் இலட்சத்தை நான் மருமகனுக்கு இரண்டு தரம் கூட்டிக் காட்டினேன். அவன் சம்மதிக்கிறான், மனமில்லாமல். "ஆனா மாமா, அந்தச் சத்தம்…" என்று ரயிலிலேயே இழுத்தான். முன் பிக்கப் மட்டும் வேலை செய்த அந்த ஃபென்டரின் சத்தம் எனக்கும் இரண்டு நாளாகக் காதில் நின்றது, உண்மை. அது மரத்தின் வயதா, எழுபதுகளின் தந்திகளைப் போலக் கறுத்துப்போன அந்தப் பழைய தந்திகளா, அல்லது ஒன்பதரை இலட்சம் என்று முன்கூட்டியே தெரிந்த காதா, பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

எதை எடுத்தாலும் இங்கே ஒரு செலவு உண்டு. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இரும்பு எதையும் இந்தக் காற்று சும்மா விடாது. வாசித்து முடிந்ததும் தந்தியைத் துடைக்காவிட்டால் ஒரு மாதத்தில் கை கறுக்கும். சுவரில் தொங்கவிடுவதைவிடப் பெட்டிக்குள், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வைப்பது நல்லது. இன்னொன்று, இது பேஸின் வயதோடு சம்பந்தப்பட்டது அல்ல, ஆனாலும் சொல்கிறேன்: கோயில் மேடையில் ஜெனரேற்றர் ஓடும்போது நிலத்தொடுப்பு சரியில்லை என்றால் தந்தியில் ஒரு கையும் மைக்கில் உதடுமாக நிற்பவனுக்குக் கரண்ட் அடிக்கும். மைக்கைத் தொடும் முன் புறங்கையால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

யமஹாவிடம் இன்னும் நான் கேட்காதவை மூன்று இருக்கின்றன. அந்தத் தொங்கும் கயிற்றிலிருந்து இறக்கி, சுரை முறுக்கினால் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிக்கப்பை மீற்றரில் வைத்துப் பார்க்க வேண்டும். புதுத் தந்தி நாலும் போட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தொட்டு எழுப்பும் மேல்சுரமும் ஒன்றாக வருகிறதா என்று டியூனரில் பார்க்க வேண்டும். மூன்றும் சரி என்றால் ஒன்றரைக்குக் கேட்பேன். சுரை சுற்றினால் எந்த விலைக்கும் வேண்டாம்; என் சுவரில் இன்னொன்றுக்கு இடமில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போகிறோம். தந்தி நாலையும் மருமகன் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டான்.